ஃப்ரிட்ஜின் மேல் தட்டு

என் ரத்தம் உறையாது. என் வாயும் ஓயாது. முதலாவது பிறவியோடு வந்தது, இரண்டாவது நானாகத் தேடிக்கொண்டது என்பாள் என் மனைவி வித்யாலட்சுமி. அவள் சொல்வது சரிதான். முதலாவதால் நான் சாகப் பார்த்தேன். இரண்டாவதால் ஒரு நல்ல மனுஷியை வார்டில் பத்துப் பேர் முன்னால் அழவைத்தேன். இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே கட்டிலில் நடந்தன. அது 1997, ஆயுத பூஜை வாரம். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.

ஹீமோஃபீலியா என்றால் கை கிழிந்து ரத்தம் போய்ச் செத்துவிடுவோம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஷேவ் பண்ணும்போது கீறிக்கொண்டால் நானும் உங்களைப் போலப் படிகாரத்தைத் தடவிக்கொண்டு போகிறவன்தான். எங்களைப் படுத்துவது உள்ளே கசிகிற ரத்தம். முட்டிக்குள், முழங்கைக்குள், சதைக்குள் சத்தமில்லாமல் கசியும். ரத்தம் உறையத் தேவையான சரக்கில் எட்டாவது ஒன்று என் உடம்பில் ஊறுவதில்லை. அதைப் பொடியாக்கிக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கென்று இருக்கும் சங்கம் அதை வரவழைத்துக் கொடுக்கும். வீட்டில் எட்டுக் குப்பி இருந்தால் நாலு ஆபத்துக்குத் தைரியம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதைக் குளிரில் வைக்க வேண்டும். எங்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லை.

கேத்தரின் அக்காவிடம் இருந்தது. லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டின் பின்பக்க போர்ஷனில்தான் நாங்கள் குடியிருந்தோம். கணவர் போன பிறகு அக்கா கேக் செய்து பிழைத்தார். ஞானஸ்நானம், கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று வருஷம் முழுக்க ஆர்டர். ஃப்ரிட்ஜ் நிறைய வெண்ணெயும் முட்டையும் இருக்கும். நான் கூச்சத்தோடு குப்பிகளைக் கொண்டுபோன அன்றைக்கு, மேல் தட்டில் இருந்த வெண்ணெய்ப் பொட்டலங்களை எல்லாம் இறக்கி, தட்டைத் துடைத்து, "இது உன்னுது சிவா. இதுல நான் ஒரு எலுமிச்சம்பழம்கூட வெக்கமாட்டேன்" என்றார். பல தடவை அவர் வீட்டு வாசலில் நின்று குப்பி கேட்டிருக்கிறேன். ஒரு தடவையும் முகம் சுளித்ததில்லை.

என் வேலை உட்கார்ந்தபடி செய்கிற வேலை. மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை எழுத்துக் கோத்துக் கொடுப்பேன், தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும். அந்த அக்டோபரில் ஒருநாள் அட்டைக் கட்டு ஒன்றைக் குனிந்து தூக்கினேன். தூக்கக் கூடாது என்று தெரியும். கடைப்பையன் வரட்டும் என்று ஐந்து நிமிஷம் பொறுத்திருக்கலாம். பொறுமை என் ஜாதகத்திலேயே இல்லை. சாயங்காலம் இடுப்புக்குள் ஒரு வலி ஆரம்பித்தது. ராத்திரிக்குள் வலது காலை நீட்ட முடியவில்லை. வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற பெரிய சதைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, அக்கா ஃப்ரிட்ஜிலிருந்து எட்டுக் குப்பிகளையும் கொண்டுவந்து ஒன்றன் பின் ஒன்றாக ஏற்றினார்கள். வழக்கமாக இரண்டு குப்பியிலேயே வலி இறங்க ஆரம்பிக்கும். இந்தத் தடவை எட்டும் போயும் ஒன்றும் நடக்கவில்லை. வீக்கம் ஏறியது. மூன்றாம் நாள் தொடையின் முன்பக்கம் மரத்துப்போனது. டாக்டரம்மா குண்டூசியால் குத்திப் பார்த்தார். குத்துவது தெரிந்தது, வலிக்கவில்லை. உள்ளே கட்டிய ரத்தம் நரம்பை அழுத்துகிறது என்றார்.

"இதுக்கு ரெண்டே காரணம்தான் இருக்க முடியும், சிவசங்கரன்" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு, உங்க உடம்பு அந்த மருந்தை அந்நியப் பொருள்னு நினைச்சு, அதை அழிக்க ஆன்டிபாடி தயார் பண்ணியிருக்கணும். இன்ஹிபிட்டர்னு சொல்வோம். நிறைய மருந்து ஏத்தினவங்கள்ல சில பேருக்கு வரும். இன்னொண்ணு, மருந்தே கெட்டுப்போயிருக்கணும். பிளட் டெஸ்ட் பண்ணிடலாம்."

வியாழக்கிழமை காலை லேப் டெக்னீஷியன் கோவிந்தன் வந்து ரத்தம் எடுத்துப் போனார். இருபத்தைந்து வயதிருக்கும். நரம்பு கிடைக்காமல் என்னைக் குத்திக் குடைகிறவர்கள் மத்தியில், ஒரே குத்தில் எடுத்தவர் அவர். பத்தரை மணிக்கு ரிப்போர்ட் வந்தது. இன்ஹிபிட்டர் இல்லை.

அப்படியானால் கெட்டது மருந்துதான். டாக்டரம்மா வேறு வழியில்லாமல் முடிவு செய்தார். சங்கத்திலிருந்து புது மருந்து அன்று மாலையே வந்துவிடும். அதை ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை இடுப்பில் திறந்து, கட்டிய ரத்தத்தை வடித்துவிடலாம். இல்லாவிட்டால் கால் போய்விடும். நான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். என் போன்றவனின் உடம்பில் கத்தி வைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மருந்து வேலை செய்தால் பிழைப்பேன். வேலை செய்யாவிட்டால் மேஜையிலேயே முடிந்தது. அந்தப் பயம் எல்லாம் கோபமாகத் திரும்பியது.

ஏனென்றால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வாரம் முன்னால் அக்கா ஃப்ரிட்ஜை நிறுத்தி ஐஸை உருக்கிக் கழுவியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். ஒரு பெரிய கல்யாண கேக்குக்கு இடம் வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு அந்த மாதம் தினம் கரண்ட் வேறு போய்க்கொண்டிருந்தது. என் மருந்து எங்கேயோ மேஜை மேல் வெயிலில் வெந்துகொண்டிருந்திருக்கும் என்று நானே ஒரு படம் வரைந்து, அதற்கு வர்ணமும் தீட்டி முடித்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு அக்கா ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். மூன்று நாளாக அவர்தான் லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிச் சூப் கொண்டுவந்துகொண்டிருந்தார். ஃபிளாஸ்க்கைத் திறக்கக்கூட விடவில்லை நான்.

"எம் மருந்த எங்கக்கா வெச்சீங்க?"

"ஃப்ரிட்ஜிலதான்பா. மேல் தட்டுல."

"அன்னைக்கு ஃப்ரிட்ஜ நிறுத்திக் கழுவுனீங்களே, அப்போ? கேக்குக்கு எடம் பண்ணணும்னு தூக்கி வெளிய வெச்சீங்களா? உங்க வெண்ணெய்க்கு இருக்கற மதிப்பு என் உசுருக்கு இல்லாம போச்சா?"

"சிவா, சத்தியமா இல்லப்பா..."

"நாளைக்கு என்னைக் கிழிக்கப்போறாங்க. நான் போய்ட்டேன்னா அந்தத் தட்டுலயும் வெண்ணெய் வெச்சுக்கோங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. வித்யா என் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். அக்காவின் உதடு துடித்தது. ஃபிளாஸ்க்கைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஆபரேஷனுக்கு ரத்தம் பொருத்திப் பார்ப்பதற்காக மறுபடி ஊசியோடு வந்திருந்த கோவிந்தன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார்.

"உங்களுக்கு ரத்தம் உறையலைன்னா மருந்து இருக்கு. இதுக்கு என்ன மருந்து இருக்கு?" என்றாள் வித்யா. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு டாக்டரம்மா கிட்டத்தட்ட ஓடி வந்தார். புடவையில் பொரி ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே லேபில் ஆயுத பூஜை முடிந்து பிரசாதம் கொடுத்திருந்தார்கள்.

"ஆபரேஷன் கேன்சல்" என்றார். "உங்களுக்கு இன்ஹிபிட்டர் இருக்கு. நல்லாவே இருக்கு. நாளைக்கு உங்களைத் திறந்திருந்தா..." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கெட்டது மருந்து இல்லை. உள்ளே போன எட்டுக் குப்பியையும் என் உடம்பே தின்று தீர்த்திருந்தது. நல்ல மருந்து, குளிரில் பத்திரமாக இருந்த மருந்து. இன்னும் எண்பது குப்பி ஏற்றியிருந்தாலும் அதே கதிதான்.

அடுத்த மூன்று நாளில் நடந்ததெல்லாம் நன்றியோடு மட்டுமே நினைக்க முடிகிறவை. இன்ஹிபிட்டர் வந்தவர்களுக்கென்று வேறொரு மருந்து உண்டு. உடைந்த பாலத்தில் ஏறாமல், சுற்றுவழியில் போய் ரத்தத்தை உறையவைக்கிற மருந்து. அந்தக் காலத்தில் அது சுலபத்தில் கிடைக்காது. சென்னையில் என்னைப் போலவே ஒருவர், பெயரைக்கூட எனக்குச் சொல்ல வேண்டாம் என்றவர், தனக்கென்று வைத்திருந்ததைக் கொடுத்தனுப்பினார். சங்கத்துக்காரர் ஒருவர் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். இரண்டாவது தடவை ஏற்றியதும் வீக்கம் நின்றது. நாலாம் நாள் டாக்டரம்மா தொடையில் குண்டூசியால் குத்தினார். நான் "ஐயோ!" என்று கத்தினேன். வலி என்றால் இவ்வளவு சந்தோஷமா என்று வித்யா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அக்கா மட்டும் வரவில்லை. ஆனால் சூப் வந்தது. தினமும் பதினொரு மணிக்கு வித்யா கீழே போய் கேட்டில் அக்காவிடமிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கி வருவாள். அக்கா மேலே ஏறி வரமாட்டார். நான் குடிப்பேன். மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட சூப். எலும்பைத் தனியாக எடுத்துவிட்டு, வேகவைத்துப் பிரித்த கறியை மட்டும் போட்டிருப்பார், படுத்தபடி குடிக்கிறவன் என்பதால். "மன்னிச்சுக்கச் சொன்னாருன்னு சொல்லட்டுமா?" என்று வித்யா கேட்டாள். "நானே சொல்றேன்" என்றேன். சீக்கிரம் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வராது. திட்டுவதற்கு ஒரு நிமிஷம்கூட வேண்டியிருந்ததில்லை.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டை ஊன்றி நடக்கலாம் என்றார்கள். புறப்படும்போது கோவிந்தன் வந்தார். அவருக்கு நன்றி சொல்லக் காத்திருந்தேன். தப்பைக் கண்டுபிடித்தவர் அவர் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"நன்றி எல்லாம் வேணாம் சார். மொதல் ரிப்போர்ட் தப்பாக் குடுத்ததும் நான்தானே" என்றார் அவர். கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

என் பிளாஸ்மாவையும் நல்ல ஆள் ஒருவரின் பிளாஸ்மாவையும் பாதிக்குப் பாதி கலந்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பதுதான் அந்த டெஸ்ட். எனக்கு வெறும் குறைதான் என்றால், கலந்ததும் சரியாக உறையும். கலவையையும் கெடுக்கிற ஏதோ என் ரத்தத்தில் இருந்தால், உறையாது. அன்றைக்கு முப்பத்தெட்டு நொடியில் உறைந்துவிட்டது. இன்ஹிபிட்டர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ஆனா இந்த எட்டாம் நம்பர்ல வர இன்ஹிபிட்டர் சோம்பேறி சார். கலந்தவொடனே வேலை காட்டாது. ஒடம்பு சூட்டுல ரெண்டு மணி நேரம் வெச்சுட்டுப் பாக்கணும். எனக்கு அது அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு எங்க நேரம்? பூஜை பண்ணணும், எல்லா மெஷினையும் பன்னெண்டுக்குள்ள தொடச்சு வெய்யின்னு எங்க கிருஷ்ணப்பா சார் கத்திக்கிட்டிருந்தாரு."

கிருஷ்ணப்பா லேபில் பெரியவர். பூஜையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மைக்ராஸ்கோப்புக்கும் குங்குமம், மெஷின்களுக்கும் மாலை, வாசலில் பூசணிக்காய். ஒரு தடவை குங்குமம் வைத்தாகிவிட்டால் மறுநாள் வரை எதையும் தொடக்கூடாது. அவசரத்தில், மீதிக் கலவை இருந்த குழாய்களை வெந்நீர்த் தொட்டியிலேயே மறந்து விட்டுவிட்டு, கோவிந்தனும் ஆரத்திக்குப் போய்விட்டார். உடம்புச் சூட்டில் இருக்கிற தொட்டி அது. இரண்டரை மணி நேரம் அந்தக் குழாய்கள் அதில் கிடந்தன.

"பூஜை முடிஞ்சு கொட்டிடலாம்னுதான் எடுத்தேன் சார். அப்பத்தான் அந்த அம்மா ஞாபகம் வந்தது."

"எந்த அம்மா?"

"நீங்க திட்டினீங்களே, அவங்கதான். நான் உங்ககிட்ட ரத்தம் எடுத்துட்டு வெளிய வந்தா, காரிடார்ல நின்னு அழுதுட்டிருந்தாங்க. என் வெள்ளைக் கோட்டைப் பாத்துட்டு, தம்பி, நீ படிச்சவன், சொல்லு, மருந்த நான்தான் கெடுத்துட்டேனான்னாங்க. டாக்டரம்மா கேட்டா காட்டலாம்னு கொண்டுவந்தேன்னு, பைக்குள்ளயிருந்து ஒரு கட்டு காலண்டர் தாள எடுத்தாங்க. தெனம் கிழிக்கிறோமில்ல, அந்தத் தாளு. பின்னாடி எல்லாத்துலயும் எழுதியிருக்கு சார். கரண்ட் போச்சு ரெண்டு மணி, வந்துச்சு மூணே கால், ஐஸ் வெச்சேன். கரண்ட் போச்சு பத்து மணி, எதிர் வீட்டுலயும் இல்ல, ஐஸ் கடையில வாங்கி வெச்சேன். ஃப்ரிட்ஜ் கழுவின அன்னைக்கு ஆட்டோ புடிச்சு அவங்க சர்ச் பாதர் வீட்டு ஃப்ரிட்ஜுல கொண்டுபோய் வெச்சிருக்காங்க, நாலு மணி நேரம். அதுவும் எழுதியிருக்கு. பன்னெண்டு மாசத்துத் தாளு சார்."

வித்யா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எங்க பிளட் பேங்க்லகூட அவ்ளோ சுத்தமா எழுதி வெக்கமாட்டாங்க. அப்படி வெச்சவங்க கையில மருந்து கெட்டிருக்காதுன்னு மனசுக்குப் பட்டுது. அப்போ மருந்தும் கெடல, இன்ஹிபிட்டரும் இல்லன்னா, அந்த எட்டுக் குப்பி எங்க போச்சு? அந்தக் கேள்வி மட்டும் விடல. கையில கொழா இருந்தது, இன்னொரு தரம் பாத்துடலாம்னு தோணுச்சு. மெஷினத் தொடக்கூடாதே. கிருஷ்ணப்பா சார், ஏய், பூஜை ஆயித்து, முட்டபேடா, தொடாதேன்னாரு. சரி சார்னு ஸ்டாப்வாட்ச எடுத்துக்கிட்டு, அந்தக் காலத்து மாதிரி கையாலயே சாய்ச்சு சாய்ச்சுப் பாத்தேன். முப்பத்தெட்டுல ஒறஞ்சது எண்பது தாண்டியும் ஒறையல. தொட்டியில கெடந்ததால கெட்டுப்போச்சோன்னு, பக்கத்துலயே கெடந்த நல்ல பிளாஸ்மாவத் தனியாப் பாத்தேன். அது நாப்பதுல ஒறஞ்சிடுச்சு. எனக்கு வேர்த்துப்போச்சு சார். கிருஷ்ணப்பா சாரக் கூப்ட்டேன். அவரு ரெண்டு கொழாவையும் பாத்தாரு. மெஷின்ல போட்டிருந்த மாலைய அவரே கழட்டி வெச்சுட்டு, ஓடு, மறுபடி ரத்தம் எடுத்துட்டு வா, சரியாப் பண்ணலாம்னாரு."

எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு ஒரு மணி வாக்கில் அவர் மூன்றாம் தடவை ரத்தம் எடுக்க வந்தார். என்ன தொந்தரவு இது என்று அவரையும் திட்டியிருந்தேன்.

ஆட்டோவில் வீடு வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். என் மடியில் ஒரு சின்னத் தெர்மகோல் பெட்டி இருந்தது. அவசரத்துக்கென்று டாக்டரம்மா கொடுத்த சுற்றுவழி மருந்து, இரண்டே குப்பி, ஐஸில். பின்பக்கம் எங்கள் போர்ஷனுக்குப் போகாமல் முன்வாசலில் இறங்கினேன். கட்டையை ஊன்றிப் படி ஏறினேன். வித்யா கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

அக்கா சமையலறையில் முட்டை அடித்துக்கொண்டிருந்தார். டிசம்பர் ஆர்டர்கள் ஆரம்பித்திருந்தன. தரையில் வாளித் தண்ணீரில் வெண்ணெய்ப் பொட்டலங்கள் மிதந்தன. ஜன்னல் திண்டில் முட்டை அட்டைகள். என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"வெண்ணெய ஏன்க்கா தண்ணியில போட்டிருக்கீங்க?" என்றேன். ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை.

"ஃப்ரிட்ஜ்ல எடமில்லப்பா."

நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கீழ்த் தட்டுகளில் எள் போட இடமில்லை. மேல் தட்டு காலியாக இருந்தது. துடைத்து, சுத்தமாக, ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லாமல் காலியாக இருந்தது. ஃப்ரிட்ஜ் பக்கத்து ஆணியில் காலண்டர் தாள்கள் குத்தியிருந்தன. மேலே இருந்தது நேற்றைய தாள். கரண்ட் போச்சு பதினொண்ணு, வந்துச்சு பன்னெண்டு.

"மருந்தே இல்லையேக்கா. எதுக்கு எழுதினீங்க?"

"நீ வந்துடுவேன்னு எழுதினேன்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். முப்பத்தொரு வயசுக்காரன், கட்டையைப் பிடித்துக்கொண்டு, திறந்த ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று குழந்தை மாதிரி அழுதேன். "அக்கா, அன்னைக்கு நான் பேசினது... நீங்க அந்தத் தாளக் காட்டலேன்னா நான் இன்னைக்கு இல்லக்கா... என்னை மன்னிச்சுடுங்க... எனக்கு எப்படிச் சொல்றதுன்னே..."

அக்கா என் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். இரண்டு குப்பிகளையும் எடுத்து மேல் தட்டில் வைத்தார். ஒன்றோடொன்று இடிக்காமல் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டார்.

"அழறதெல்லாம் அப்புறம் அழு சிவா" என்றார். "மொதல்ல கதவ மூடு. மருந்து சூடாயிடும்."